வரிசைப் பாம்பும் அளவில்லாத லீவும்

ஒரு காட்டுல சிங்கராஜா குகைக்கு முன்னாடி எந்நேரமும் மனு குடுக்கிற கூட்டம். எருமை முட்டுது, பன்றி இடுக்குல நுழையுது, யானை வரிசைன்னா என்னன்னே தெரியாம நேரா உள்ள வந்துடுது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த நீளமா ஒரு கயிறு தேடினப்போ கிடைச்சவதான் மரகதம்ங்கிற மலைப்பாம்பு. வளைஞ்சு வளைஞ்சு படுத்தா போதும், எல்லாம் தானா வரிசையில வந்துடும். எவனும் தாண்ட மாட்டான். தாண்டுற சைஸுல இருக்கிறவன் முழுங்குற சைஸுலயும் இருப்பான் இல்லையா?

இன்டர்வியூ எடுத்தது மேனேஜர் குள்ளநரி கோதண்டம்.

மரகதத்துக்குச் சம்பளத்தை விட லீவுதான் முக்கியம். வயித்துல முட்டை. போட்டதும் சுத்திப் படுத்து, உடம்பை உதறி உதறிச் சூடு குடுக்கணும். நடுவுல எந்திரிச்சுப் போனா எல்லாம் கூமுட்டை. போன வருஷம் பழைய கம்பெனியில லீவு தரல. ஒரு குட்டிகூட மிஞ்சல.

"சார், சம்பளத்தோட லீவு எவ்ளோ தருவீங்க?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டா.

கோதண்டம் எல்லாப் பல்லும் தெரியச் சிரிச்சாரு. "நம்ம ஆபீஸ்ல லீவுக்கு அளவே கிடையாதும்மா. நாம எல்லாம் ஒரே குடும்பம்."

அப்பவே அவ சுதாரிச்சிருக்கணும். குடும்பத்துல எந்த அம்மாவுக்குங்க லீவு இருக்கு?

வேலைக்குச் சேர்ந்தா. முட்டை போடுற நேரம் நெருங்கிச்சு.

"சார், நாளையிலேருந்து லீவு எடுத்துக்கிறேன்."

"தாராளமா எடும்மா. மாத்து ஆளை மட்டும் போட்டுட்டுப் போ. உன் நீளத்துல ஒரு பாம்பு."

"இந்தக் காட்டுலயே இவ்ளோ நீளத்துக்கு நான் ஒருத்திதானே சார்?"

"அதனாலதாம்மா அளவு வைக்கல. எவனாலயும் எடுக்க முடியாத லீவுக்கு அளவு எதுக்கு?"

மரகதம் வெளிய வந்து பொலபொலன்னு அழுதா. வாசல்ல காவல் வேலை பார்க்கிற முள்ளம்பன்றி முத்துவேலு ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"ஏன் தாயி, லீவைப் போய் அந்த ஆளுகிட்ட கேட்டியா? நான் சேர்ந்ததுலேருந்து தூங்கிட்டிருக்கேன். ஒரு நாளாவது லீவு கேட்டிருக்கேனா?" சொல்லிட்டு அந்தக் கண்ணையும் மூடிக்கிட்டான்.

மறுநாள் காலையில முதல் ஆளா ஆபீஸ் வந்தா மரகதம். குகை வாசல்லயே முட்டையைப் போட்டா, வட்டமாச் சுத்திப் படுத்துட்டா.

கூட்டம் வந்துச்சு. வழக்கம்போல பாம்பு ஓரமாவே நடந்துச்சு. பாம்பு வட்டமா இருக்கிறதால வரிசையும் வட்டமாப் போச்சு. முதல்ல வந்த மான், கடைசியா வந்த முயலுக்குப் பின்னாடி நின்னுச்சு. எல்லாரும் நகர்ந்துகிட்டே இருக்காங்க, ஒருத்தரும் உள்ள போகல. "இன்னைக்கு வரிசை வேகமாப் போகுதே"ன்னு எருமைக்கு ஒரே சந்தோஷம்.

ராஜா வெளிய எட்டிப் பார்த்தாரு. ஒரு மனுகூட வரல. வாசல்ல மரகதம் முட்டைக்குச் சூடு குடுக்க உடம்பை உதறிக்கிட்டுக் கிடக்கிறா.

"யோவ் கோதண்டம், என்னைப் பார்த்ததும் இந்தப் பொண்ணு எப்படி நடுங்குது பாரு! வீட்டுக்குப் போறதில்ல, சாப்பிடப் போறதில்ல. நீயும்தான் இருக்கியே!"

சிறந்த ஊழியர்னு மாலை போட்டாங்க. மரகதம் அந்த மாலையையும் முட்டை மேல போர்த்தி விட்டா.

ஒரு நாள் முட்டை எல்லாம் பொரிஞ்சுது. குட்டிங்க நெளிஞ்சு புதர்ல ஒதுங்குச்சு. மரகதத்துக்கு மனசு உறுத்திச்சு. இத்தனை நாள் சும்மா கிடந்து சம்பளம் வாங்கிட்டோம், இனியாவது உழைப்போம்னு உடம்பை நேராக்கி, வளைஞ்சு வளைஞ்சு பிரமாதமா வரிசை போட்டா. மதியத்துக்குள்ள தேங்கிக் கிடந்த அத்தனை மனுவும் ராஜா மடியில.

ராஜா வேர்த்து விறுவிறுத்து வந்தாரு. "இவளுக்கு என்னய்யா ஆச்சு? நடுக்கத்தைக் காணோம், மரியாதையைக் காணோம். நேத்து வரைக்கும் எப்படி வேலை பார்த்தா!"

"விசாரணை வெச்சிடலாம் ராஜா"ன்னு கோதண்டம் மரகதத்துகிட்ட வந்தாரு. "விசாரணை முடியிற வரைக்கும் நீ இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. சம்பளமா குடுக்கிற கோழி வீட்டுக்கே வந்துடும்."

"எப்போ சார் முடியும்?"

"நம்ம ஆபீஸ்ல எந்த விசாரணைம்மா முடிஞ்சிருக்கு?"

மரகதம் குட்டிங்களைக் கூட்டிக்கிட்டு, முகத்தைச் சோகமா வெச்சுக்கிட்டே வீட்டுக்குக் கிளம்பினா.

நீதி: ஓய்வு வேணும்னா தவறாம ஆபீஸுக்கு வரணும். லீவு வேணும்னா ஒரே ஒரு நாள் ஒழுங்கா வேலை பார்க்கணும்.