ஏழு ஊர் வரன், ஒரே பட்டன்

பட்டனை அழுத்திவிட்டு, சிங்கராயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மகனுக்குப் பெண் பார்க்க ஏழு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பிய ஏழு எக்செல் ஃபைல்கள். எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் இருந்தார்கள். மகன் எழுதிக் கொடுத்த மேக்ரோ என்ற குட்டி நிரல் அத்தனை பேரையும் ஒன்றாகச் சேர்த்து, கடைசியில் ஒரே ஒரு பெயரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

அமலி, மயிலாடுதுறை.

"மத்தவங்கள்லாம் எங்க போனாங்க?" என்று லேப்டாப்பையே கேட்டார்.

"என்கிட்டயா கேக்கறீங்க?" என்று அடுப்படியிலிருந்து மனைவி ஃபிளோரா குரல் கொடுத்தாள். அவளுக்குக் கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது.

மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் சிங்கராயர். குத்தூசி போட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டை நெல்லை உள்ளே விட்டவரில்லை. அதே கண்ணோடு மகன் கிளாட்சனுக்கு அவர் தேடிப் பிடித்த மூன்று பெண்களையும், அவன் போட்டோவைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வேண்டாம் என்றுவிட்டான். மூன்றாவது தடவை அவருக்கு நிஜமாகவே மனசு விட்டுப்போயிற்று. தவக்காலம் வந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வேறு வாசித்தாக வேண்டும். தை அறுவடை முடிந்த கையோடு நடத்தாவிட்டால் இன்னொரு வருஷம் ஓடிப்போகும்.

திருச்சியில் வேலை பார்க்கும் கிளாட்சன்தான் அப்போது ஒரு வழி சொன்னான்.

"எல்லாரையும் எக்செல்ல அனுப்பச் சொல்லுங்கப்பா. நான் ஒரு மேக்ரோ எழுதித் தர்றேன். எல்லா ஃபைலையும் அதுவே சேர்த்து, நமக்குப் பொருந்துறவங்களை எடுத்துக் குடுத்துரும். அது யாரைக் காட்டினாலும் கட்டிக்கிறேன்."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியமா."

பையன் வசமாக மாட்டிக்கொண்டான் என்ற சந்தோஷத்தில் சிங்கராயர் அன்று இரண்டு ஆப்பம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

இப்போது அவனுக்கே போன் போட்டார். "டேய், ஒரு பொண்ணுதாண்டா வருது!"

"மேக்ரோ சரியாத்தான் இருக்கும்பா. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் அந்த வரியையே தள்ளிரும். ரத்த வகை, அலர்ஜி எல்லாம் போட்டிருக்காங்களா பாருங்க."

அமலியைத் தவிர யாருக்கும் போடவில்லை. குடவாசலில் இருக்கும் தங்கைக்குப் போன் பறந்தது.

"ஏண்ணே, பொண்ணு என்ன குரூப்புன்னு எப்படிண்ணே போய்க் கேக்கறது? ரத்தம் ஏத்தவா கூப்பிடறீங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

மற்ற ஊர்க்காரர்களும் ஏறக்குறைய இதையேதான், இன்னும் கொஞ்சம் சூடாகச் சொன்னார்கள். சிங்கராயர் அசரவில்லை. காலியாக இருந்த கட்டங்களில் எல்லாம் தானே 'தெரியாது' என்று அடித்தார். பிறகு கண்ணில் பட்ட எக்செல் ஃபைல்களை எல்லாம் வாரி ஒரே ஃபோல்டரில் போட்டு, பட்டனை அழுத்தினார்.

இந்தத் தடவை அமலிக்குக் கீழே இன்னும் பலர் வந்திருந்தார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்தது. சத்தமாகப் படித்தார்.

"பெயர், பிளம் கேக். எடை, ரெண்டு கிலோ. படிப்பு, முட்டை இல்லாதது. குணம்..." நிறுத்தினார். "முந்திரி தூக்கலாக."

ஃபிளோரா கரண்டியோடு ஓடி வந்தாள். "அய்யய்யோ, அது என் ஆர்டர் ஃபைலுங்க! அதையும் கொண்டுபோய்ப் பொண்ணுங்களோட போட்டீங்களா?"

அவள் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதவள். அதனால் அவளுடைய கேக்குகள் எல்லாம் மேக்ரோவில் தேறிவிட்டன. 'தெரியாது' என்பதையும் மேக்ரோ காலிக் கட்டமாகவே எடுத்துக்கொண்டதால், அது போட்ட பெண்களில் ஒருத்திகூடத் தேறவில்லை.

பதற்றத்தில் சிங்கராயர் கேக் ஃபைலை அழித்தார். கூடவே குடவாசலையும் அழித்தார். வந்த ஆத்திரத்தில் பட்டனைப் படபடவென்று பல தடவை அமுக்கினார். மேக்ரோ தான் சேர்த்து வைத்த ஃபைலையும் அதே ஃபோல்டரில்தான் வைத்திருந்தது. ஒவ்வொரு அமுக்குக்கும் அதையும் எடுத்துச் சேர்த்தது. அமலி இரண்டானாள், நான்கானாள், திரையை நிறைத்துக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டே போனாள்.

"நாளைக்கு டெலிவரிங்க! யாருக்கு என்ன கேக்குன்னு நான் எதைப் பார்த்துக் குடுப்பேன்?" ஃபிளோராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கிளாட்சன் போனிலேயே வழி சொல்லி, அழிந்த ஃபைல்களை மீட்டுக் கொடுத்தான். கேக்குகளும் குடவாசலும் திரும்பி வந்தன. சிங்கராயர் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஃபிளோரா, எத்தனை தடவை தட்டினாலும் இந்தப் பொண்ணுதான் வந்து நிக்கிறா. மாதாவே காட்டுறாங்கன்னு தோணுது."

"நானும் போட்டோ பார்த்தேன். லட்சணமாத்தான் இருக்கா. போய்ப் பார்த்துட்டு வருவோம்."

கிளாட்சன் உடனே சரி என்றான். சத்தியம் செய்தவன் அல்லவா என்று சிங்கராயர் மனதுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டார்.

புது வருஷம் பிறந்ததும் மயிலாடுதுறைக்குப் போனார்கள். பெண்ணின் அப்பா தைரியநாதன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். அமலி காபி கொண்டு வந்தாள். கிளாட்சனுக்கு மட்டும் தனி டம்ளரில் சர்க்கரை இல்லாமல் வந்தது.

"தம்பிக்குச் சீனி ஆகாதுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று ஃபிளோரா ஆச்சரியப்பட்டாள்.

"ஃபைல்ல இருந்துச்சு அத்தை" என்று அமலி தரையைப் பார்த்துச் சொன்னாள்.

சிங்கராயருக்குப் பூரித்துப்போயிற்று. என்ன ஒரு பொறுப்பான பெண்! அங்கேயே ஓலை வாசிக்கிற ஞாயிறுகளைப் பேசி முடித்தார்கள். வயிறும் மனசும் நிறைந்த வேளையில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தி, உங்க பொண்ணை நான் எப்படிப் பிடிச்சேன் தெரியுமா? ஏழு ஊரு ஃபைலை ஒண்ணாப் போட்டு, மேக்ரோன்னு ஒண்ணு இருக்கு, அதை ஓட்டித்தான். என் பையன் எழுதினது. எத்தனை தடவை ஓட்டினாலும் உங்க பொண்ணு ஒருத்திதான்!"

தைரியநாதன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அட, நீங்களுமா சம்பந்தி? எங்க அமலியும் ஒரு மேக்ரோ எழுதிக் குடுத்தா. நானும் ஒரு வாரமா ஓட்டிப் பார்த்தேன், உங்க பையனைத் தவிர ஒருத்தனும் வரமாட்டேன்னுட்டான்!"