பஞ்சர் பார்க்க வந்த ஆமை

தூரத்து ஊருக்கு வேலைக்குப் போன பின்னும் என் தோளைவிட்டு இறங்காத அக்கா மகளுக்கு,

உன் தாய்மாமன், நாற்பது வருடப் பஞ்சர் கடை அதிபர், எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம், கம்ப்ரஸரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய், ஆகவே கேட்கவில்லை.

விஷயம் என்னவென்றால், போன செவ்வாய்க்கிழமை உன் மாமன் ஓர் உயிரைக் காப்பாற்றினான். குளத்தோர வளைவில் ஸ்கூட்டரில் வருகிறேன், எதிரே பதினாறு சக்கர லாரி மலை மாதிரி வருகிறது, நடுரோட்டில் ஓர் ஆமை. கால் மைலுக்கு முன்பே என் கழுகுக் கண்ணில் பட்டுவிட்டது. (கண்ணாடி போடு, கண்ணாடி போடு என்று மூன்று வருடமாக என் உயிரை எடுக்கிறாயே, பார்த்தாயா?) பாய்ந்தேன். அதற்குள் லாரிக்காரப் படுபாவி உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டான். ஓட்டில் விரல் நீளத்துக்கு விரிசல், ஓரத்தில் ரத்தம். இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, என் சட்டையில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன்.

விரிசல் என்றால் நமக்குத் தெரியாததா? டியூபை முக்குகிற தொட்டியில் ஆமையை மெல்ல முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வந்தது! இனி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டு வைக்க வேண்டியதுதான் என்று உப்புத்தாளைத் தேடும்போது உன் அத்தை வந்துவிட்டாள்.

"ஐயையோ, ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்களே!"

"இது கடைடி, வீடு இல்ல."

"கடை ஏற்கெனவே அப்படித்தானே இருக்கு!"

சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தவள், ஆமை தலையை நீட்டி வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிப்பதைக் கண்டதும், என் போனைப் பிடுங்கி விலங்கு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

"முதல்ல தண்ணியிலேர்ந்து எடுங்க! விரிசல் வழியா தண்ணி உள்ள போனா செத்துடும். ஓடு அதுக்குச் சட்டை இல்லைங்க, எலும்பு. தொட்டா வலிக்கும். பசையும் வேணாம், தீனியும் வேணாம். அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு, துணி விரிச்சு, இருட்டா, சத்தமில்லாம வச்சு உடனே கொண்டாங்க."

வலிக்கும் என்றதும் தொட்டியிலிருந்து அதை அள்ளித் துணியில் வைத்தேன், கண்ணு. அந்த உப்புத்தாள் மட்டும் கையில் அகப்பட்டிருந்தால்?

வழியெல்லாம் உன் அத்தை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என்னை ஹாரன்கூட அடிக்க விடவில்லை. ஆமை புகுந்தால் உருப்படாது என்றவளேதான்! டாக்டரம்மாவும் நானும் சேர்ந்து ஆபரேஷன் செய்தோம். அதாவது அவர் உள்ளே செய்தார், நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். பிழைத்துக்கொள்ளுமாம். ஆற மாதக்கணக்காகுமாம்.

"ஆறினதும் எடுத்த இடத்துலயே விடணும். அது எந்தப் பக்கம் போயிட்டிருந்துச்சோ அந்தப் பக்கமா. மாத்தி விட்டா மறுபடி ரோட்டைத் தாண்டும். பார்த்தீங்களா?"

"பார்க்காமலா? குளத்துப் பக்கம்தான்" என்று அடித்துச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

டயரில் ஆணியும் மனதில் முள்ளும் ஏறாமல் நீ நூறு வயது ஓட வாழ்த்தும்,
உன் மாமன்.

பின்குறிப்பு: லாரி எதுவும் வரவில்லை. ரோட்டில் நான் மட்டும்தான் வந்தேன். என் ஸ்கூட்டர் ஏறி இறங்கிய பிறகுதான் ஆமை என்றே தெரிந்தது. அது எந்தப் பக்கம் போனது என்று நான் எங்கே கண்டேன்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நேற்று கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு நேரே அந்த வளைவுக்குப் போனேன். குளத்தோரச் சேறு காய்ந்து கிடந்தது. அதில் நகத் தடம், நடுவே வால் இழுத்த கோடு. தண்ணீரிலிருந்து ரோட்டுக்கு ஏறியிருக்கிறது, நான் சொன்னதற்கு நேர்மாறாக. டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. பழையதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மாற்றி எழுதினார்.

கண்ணாடியோடு வீட்டுக்கு வந்து, போன மாதம் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நீ சிரிக்கிறாய் என்றுதான் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சிரிக்கவே இல்லையே, அம்மாடி. ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் வருகிறோம். பஸ்ஸில்தான்.