பத்தாவது பேய்ப்படம்

ஒன்பது படங்கள் தேறிவிட்டன. பத்தாவதுதான் சிக்கவில்லை.

வார இதழின் கடைசிப் பக்கங்கள் அச்சுக்குப் போக இருபது நிமிடம் இருந்தது. 'கிறிஸ்துமஸைக் கதறவிட்ட பத்துப் பேய்ப்படங்கள்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டு, அட்டை அச்சாகியும் விட்டது. 'பூதக்கண்ணாடி' என்ற பெயரில் பேய்ப்பட விமர்சனம் எழுதும் நம் ஆள், நகத்தைத் தின்று முடித்து விரலுக்கு வந்திருந்தான்.

"அட்டையில ஒன்பதுன்னு மாத்திடலாமா சார்?"

"மாத்தலாமே. எழுபதாயிரம் அட்டையும் கீழதான் இருக்கு. பேனா எடுத்துட்டுப் போ" என்றார் ஆசிரியர். "இருபது நிமிஷத்துல பத்தாவது வரலேன்னா, நீ திரும்பவும் குறுக்கெழுத்துக்கே போயிடலாம்."

குறுக்கெழுத்து என்றதும் பூதக்கண்ணாடி காகிதத்தை இழுத்துப் போட்டுக்கொண்டான். 'இடமிருந்து வலம்: பறக்கும், மூன்றெழுத்து' என்று நாலு வருடம் எழுதி எழுதிக் கூன் விழுந்தவன் அவன். பேய்ப்பக்கம் கைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பேய்களோடு இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறான்.

கண்ணை மூடினான். திறந்தான். எழுதினான்.

'மூட்டைக்குள் யார்? கிறிஸ்துமஸ் தாத்தா புகைபோக்கி வழியாக இறங்கி, மூட்டையை வைத்துவிட்டு ஏறிப் போய்விடுகிறார். மூட்டை போகவில்லை. மறுநாள் காலை அது சமையலறையில் உட்கார்ந்திருக்கிறது...' கையோடு ஒரு கலைமானைக் கொண்டுவந்து ரத்தக்கண்ணீர் விடவைத்தான். 'மூட்டைக்குள் யார் என்பதை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்து, நாலு நட்சத்திரம் கொடுத்தான். சொந்தப் படம் என்பதால் கொஞ்சம் தாராளம். இயக்குநர் பெயரை மட்டும் நேர்மையாக விட்டுவிட்டான்.

அடுத்த வாரம் போட்டி இதழில் இடி விழுந்தது. அங்கே 'அரம்' என்ற பெயரில் எழுதும் விமர்சகர் அவனை ராவியிருந்தார்.

'பூதக்கண்ணாடி இந்தப் படத்தைப் பார்த்தாரா, அல்லது பார்த்தவரைப் பார்த்தாரா? மூட்டை சமையலறைப் பக்கமே போகாது. படத்தில் கலைமானே கிடையாது. நாலு நட்சத்திரமாம்! எனக்கு இரண்டு கொடுக்கவே கை கூசியது.'

பூதக்கண்ணாடி இதழைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அக்கா, அப்போதுதான் ஒரு மாணவரிடமிருந்து உயிர் தப்பி வந்து சோபாவில் விழுந்திருந்தாள்.

"அக்கா, புளுகறதுக்கு ஒரு அளவு வேணாமா? இல்லாத படத்துல மான் இல்லைங்கிறான்!"

"சரியாத்தானே சொல்றான்? இல்லாத படத்துல மான் எப்படிடா இருக்கும்?"

"நான் வச்சேன்க்கா!"

"அப்ப, அவன் புளுகறான்னு எழுது."

"எழுதினா நான் புளுகினது வெளிய வந்துடுமே."

"அப்ப சிக்னல்ல நிக்கிற மாதிரி பேசாம நில்லு. தானா பச்சை விழும்."

நல்ல யோசனை. ஆனால் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஆசையாய் வளர்த்த மானை ஒருவன் பட்டப்பகலில் இல்லை என்கிறான்! மறு இதழில் எழுதினான்: 'அரம் பார்த்தது வெட்டுப்பட்ட பிரதியாக இருக்கலாம். முழுப் பிரதியில் மான் பதினோரு நிமிடம் வருகிறது.'

பதில் உடனே வந்தது: 'முழுப் பிரதியை மூன்று தடவை பார்த்தாயிற்று. மான் இல்லை. அதுசரி, படத்தையே தூக்கி நிறுத்தும் பனிமனிதனைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே, ஏன்?'

"என் படத்துக்குள்ள பனிமனிதனை விடறான்க்கா!"

"நல்லாத்தான் இருக்கு. உனக்கு ஏன்டா தோணலை?"

இல்லை என்றால் வம்பு. ஆம் என்றால் அவமானம். 'பனிமனிதன் வெறும் குறியீடு. சொல்லத் தேவையில்லை என்று விட்டேன்' என்று எழுதித் தொலைத்தான்.

அதற்கப்புறம் வாசகர் கடிதங்கள் குவிந்தன. நாற்பது பேர் எழுதினார்கள். நாற்பது பேருமே மானைப் பார்க்கவில்லை. பனிமனிதனுக்குக் கடைவாய்ப் பல் தப்பான இடத்தில் இருந்ததாக ஒரு பல் டாக்டர் படம் வரைந்து அனுப்பியிருந்தார்.

"பல் டாக்டர் கூடவாக்கா பொய் சொல்லுவாரு?" என்று நொந்துபோனான் பூதக்கண்ணாடி. நாட்டில் தன்னைத் தவிர யோக்கியன் ஒருவனும் இல்லை என்று அவனுக்குப் பட்டது. தானும் யோக்கியன் இல்லை என்பது சற்றுத் தாமதமாக நினைவுக்கு வந்தது.

இதழ் விற்ற வேகத்தில் ஆசிரியர் முகத்திலோ பல்லெல்லாம் தெரிந்தது. "சனிக்கிழமை மதியம் நூலக அரங்கத்துல நீயும் அரமும் நேருக்கு நேர் விவாதம். ஜெயிச்சா பேய்ப்பக்கம் உனக்கு நிரந்தரம்."

"தோத்தா சார்?"

"இடமிருந்து வலம்."

அரங்கம் நிரம்பியிருந்தது. மேடையேறியதும் முதல் அதிர்ச்சி: அரம் ஒரு பெண். மருந்துக்கடை வைத்திருக்கும், பூனைபோல் மெல்லப் பேசும் அம்மா. இருமல் மருந்து கொடுக்கிற அதே பரிவோடு ஆரம்பித்தார்.

"மான் எந்த சீன்ல வருதுங்க தம்பி?"

"இடைவேளைக்கு அப்புறம்."

"இடைவேளைக்கு அப்புறம் கதை முழுக்கக் கிணத்துக்குள்ளதானே நடக்குது? கிணத்துக்குள்ள மான் எப்படி வந்துச்சு?"

"விழுந்துடுச்சு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பல் டாக்டர் எழுந்து நின்று சிரித்தார்.

"போகட்டும் தம்பி, மானை விட்டுடலாம். ஒரே ஒரு கேள்வி. மூட்டைக்குள்ள யாரு?"

பூதக்கண்ணாடி வாயைத் திறந்தான். அப்போதுதான் தெரிந்தது, அதை அவன் யோசிக்கவே இல்லை! வெள்ளித்திரையில் காண்க என்று எழுதியதோடு சரி.

முன்வரிசையில் ஆசிரியர், ஆள்காட்டி விரலால் காற்றில் இடமிருந்து வலமாக மெதுவாக ஒரு கோடு இழுத்தார்.

அந்தக் கோடு அவன் நெஞ்சில் போய் நின்றது. போகிற பேய்ப்பக்கம் போகட்டும். ஆனால் எதிரில் இருக்கும் இந்தப் புளுகுமூட்டையையும் இழுத்துக்கொண்டுதான் போவேன் என்று முடிவெடுத்தான். மைக்கைக் கழற்றிக் கையில் பிடித்தான்.

"மூட்டைக்குள்ள யாரும் இல்லீங்க! மூட்டையே இல்ல. அப்படி ஒரு படமே இல்ல! அச்சுக்கு இருபது நிமிஷம் இருக்கறப்ப, உக்காந்த இடத்துல நான் அளந்துவிட்டது அது. ஆமா, நான் பொய்யன்தான். ஒரே ஒரு பொய் சொன்னேன். ஆனா இந்தம்மா, இல்லாத படத்தை மூணு தடவை பார்த்திருக்காங்க! நீங்க அத்தனை பேரும் பார்த்திருக்கீங்க! டாக்டர் பல்லெல்லாம் எண்ணியிருக்காரு! இப்ப சொல்லுங்க, இங்க பெரிய பொய்யன் யாரு?"

பல் டாக்டர் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் வரிசையில் அக்கா, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மருந்துச் சீட்டை மாற்றிக் கொண்டுவந்த நோயாளியைப் பார்ப்பதுபோல் அவனையே பார்த்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று பூதக்கண்ணாடி நிமிர்ந்து நின்றான்.

அரங்கத்தின் பின்சுவரில் இருந்த சின்ன ஜன்னல் திறந்தது. படம் காட்டும் ஆபரேட்டர் தலையை நீட்டினார்.

"சார், நீங்க பேசி முடிச்சதும் போடணும்னு 'மூட்டைக்குள் யார்?' படப்பெட்டியைக் குடுத்தாங்க, நானும் ரெண்டு மணி நேரமா மாட்டி வச்சிட்டு நிக்கிறேன், போடட்டுமா, வேணாமா?"