பின்விளக்கை உடைத்த தியாகி

உரிமைக்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. பட்டினி கிடந்து செத்தவர்களும் உண்டு. ஆனால் போலீஸ் தன்னை நிறுத்தித் தொலைக்க வேண்டும் என்பதற்காகத் தன் சொந்த வண்டியின் பின்விளக்கைத் தானே சுத்தியலால் உடைத்துக்கொண்ட மகான் உலக வரலாற்றிலேயே ஒருவர்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலம், ப்ளெவின்ஸ் மாவட்டம், ராய்ஸ் ஹாக்னி அவர்கள். வயது அறுபத்தொன்று.

மாவட்டத் துப்பாக்கி உரிமைச் சங்கத்தில் அவர் 'சாலையோர உரிமைப் பயிற்சியாளர்'. துப்பாக்கியோடு காரில் போகும் ஒரு குடிமகனைப் போலீஸ் நிறுத்தினால் அவனுக்கு என்னென்ன உரிமை, அதை எந்த வரிசையில், எந்தக் குரலில் எடுத்துரைப்பது என்று ஒன்பது வருஷமாக வியாழன்தோறும் வகுப்பு நடத்துகிறார். ஆளுக்கொரு மடக்கு நாற்காலி. ஸ்டீயரிங்குக்குப் பதில் ஒரு காகிதத் தட்டு. அவருடைய பதினான்கு அம்சத் திட்டம் லேமினேஷன் போட்ட அட்டையாக எல்லார் சட்டைப் பையிலும் இருக்கும். முதல் அம்சம், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். நான்காம் அம்சம் ஒரு வசனம்: "அதிகாரி அவர்களே, என்னிடம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கிறது. நான் எவ்வாறு ஒத்துழைக்க வேண்டும்?" ராய்ஸ் இதைச் சொல்லிக் காட்டும்போது முன்வரிசையில் இரண்டு பேராவது மூக்கைச் சிந்துவார்கள்.

போன வியாழக்கிழமை, ஸ்கூல் பஸ் ஓட்டும் மார்லா டீஸ் தன் காகிதத் தட்டைக் கீழே வைத்தாள்.

"இந்த வசனத்த நீங்க நெஜமா எத்தன வாட்டி போலீஸ்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

ராய்ஸ் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். நாற்பத்தைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறார். எந்தப் போலீஸ்காரனும் அவரை ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. மார்லாவையோ இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சங்கத்து மீன் விருந்தில் நடக்கும் தேர்தலில் பயிற்சியாளர் பதவிக்குத் தானே நிற்கப் போவதாக அவள் அங்கேயே அறிவித்துவிட்டாள். ஒன்பது வருஷப் பதவி. ராய்ஸுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலையில் சுத்தியல். உடைந்த விளக்கோடு தன் பிக்கப் வண்டியில் போலீஸ் நிலையத்தை மூன்று சுற்று சுற்றினார். மூன்றாவது சுற்றில் கோடி என்ற இளம் போலீஸ்காரன் சிக்னலில் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினான். "ஹாக்னி சார், பின்லைட்டு போயிருக்கு, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டான். மத்தியானம் ராய்ஸ் ஐம்பத்தைந்து மைல் சாலையில் தொண்ணூறில் பறந்தார். கோடி சைரன் போட்டான். ராய்ஸ் உள்ளம் குளிர்ந்து ஓரம் கட்டப் போனார். கோடியோ அவரைத் தாண்டி முன்னால் போய், வண்டிகளையெல்லாம் விலக்கி வழி ஏற்படுத்திக் கொடுத்து, ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய் விட்டான். வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்று வேறு அக்கறையாக விசாரித்தான்.

சனிக்கிழமை வேறு வழியில்லாமல் ராய்ஸ் அல்வின் பெட்டவே வீட்டுக்குப் போனார். அல்வின் ஏசி மெக்கானிக். சங்கத்தின் ஒரே கறுப்பின உறுப்பினர் என்பதால் சங்க நோட்டீஸ் எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பவர். இந்த வருஷம் மட்டும் அவரைப் பதினேழு தடவை நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனை 'வாய்ப்பு' கிடைத்தும் மனுஷன் நான்காம் அம்சத்தை ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுத்தான் காரையே எடுப்பார். ராய்ஸுக்கு இது தீராத வயிற்றெரிச்சல்.

"கொடுத்து வச்சவன்பா நீ. எப்படித்தான் நிறுத்த வைக்கிற?"

"நான் ஒண்ணும் பண்றதில்ல ராய்ஸ். ஓட்டுறேன். அவ்ளோதான்."

காரை ஒரு சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்வோம், விருந்தில் திருப்பித் தருகிறேன் என்று ராய்ஸ் கெஞ்சினார். அல்வின் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். என் காரில் எல்லா விளக்கும் எரிகிறது, பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது, காலையில்தான் இன்னொரு முறை சரிபார்த்தேன் என்றார். அப்புறம் எப்படி நிறுத்துவார்கள் என்று ராய்ஸ் கவலைப்பட்டார்.

"நிறுத்துவாங்க," என்றார் அல்வின். பிறகு பிக்கப்பைச் சுற்றி வந்து பார்த்தார். "உன் பின்லைட்டு உடஞ்சிருக்கே."

"அத யாரும் கண்டுக்க மாட்டாங்கப்பா. நான் சோதிச்சே பாத்துட்டேன்."

அல்வினின் காரில் ராய்ஸ் பைபாஸ் ஏறி ஒன்பதாவது நிமிஷம். நாற்பத்தைந்து மைல் சாலை, நாற்பத்து மூன்றில்தான் போய்க்கொண்டிருந்தார். பின்னால் சைரன். ராய்ஸ் கடவுளுக்கு நன்றி சொல்லி ஓரம் கட்டி, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தார். பின்னாலிருந்து ஒரு குரல், கையை வெளியே நீட்டு, அசைஞ்சே தொலைஞ்சே என்று கத்திக்கொண்டே வந்தது. துப்பாக்கி உறையில் ஒரு கையை வைத்தபடி கோடி ஜன்னலில் குனிந்தான்.

"அடடா, ஹாக்னி சாரா? மன்னிச்சுக்குங்க சார். வேற ஆள்னு நெனச்சுட்டேன்."

ராய்ஸ் தொண்டையைச் செருமினார். "அதிகாரி அவர்களே, என்னிடம் லைசென்ஸ் உள்ள—"

"இருக்கட்டும் சார். உங்ககிட்ட இல்லாமலா."

"லைசென்ஸையாவது கேளுப்பா."

"உங்ககிட்டப் போயி கேப்பேனா. மீன் ஆறிடப் போவுது, கெளம்புங்க சார்."

பதினான்கில் ஒன்றரை அம்சம்கூட முடியவில்லை. விருந்தில் ராய்ஸ் மேடையேறிக் குமுறித் தீர்த்தார். தன்னைப் பேசவே விடவில்லை, லைசென்ஸைக் கையால்கூடத் தொடவில்லை, ஒரு குடிமகனுக்கு இதைவிட அவமானம் உண்டா என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து கைதட்டினார்கள். முப்பத்தொரு ஓட்டு அவருக்கு, ஆறு மார்லாவுக்கு. போலீஸைக் கண்டித்துத் தீர்மானம் போடவும் முடிவாயிற்று. உரிமைப் பேச்சு ஐம்பது நிமிஷம் நடந்ததில் அவர் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை.

பீச் பழ இனிப்பு பரிமாறும்போதுதான் அல்வின் வந்தார். ஒன்றரை மணி நேரம் லேட். முழங்காலிரண்டிலும் செம்மண், கன்னத்தில் ஜல்லி பதிந்த தடம்.

அதே பைபாஸ், அதே உடைந்த பின்விளக்கு, அதே கோடி. ஹாக்னி சார் வண்டியாச்சே என்று வணக்கம் சொல்லத்தான் கிட்டே வந்திருக்கிறான். உள்ளே அல்வினைப் பார்த்ததும் இன்னும் மூன்று போலீஸ் கார்களைக் கூப்பிட்டுவிட்டான். வண்டி என்னுடையது இல்லை, டாஷ்போர்டுக்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, நீங்களே திறந்துகொள்ளுங்கள் என்று அல்வின் கையைத் தூக்கியபடியே சொல்லியிருக்கிறார். திறந்தால், வண்டிப் பேப்பருக்கு மேலே ராய்ஸின் இரண்டாவது துப்பாக்கி.

"அட, அது அங்கதான் இருக்கா," என்றார் ராய்ஸ். "வீடு பூரா தேடினேன்."

அதன்பிறகு ஒரு மணி நேரம் அல்வின் குப்புறப் படுத்துக் கிடந்தார். வண்டி திருட்டு வண்டியா என்று கேட்கப் போலீஸ் அடித்த போனை ராய்ஸ் எடுக்காததால், ஹாக்னி சார் அல்வினின் காரில் போனதை நாமே பார்த்தோமே என்று கோடிக்கு ஞாபகம் வரும்வரை கிடந்தார்.

மறுபடியும் தேர்வான பயிற்சியாளர் அக்கறையோடு கேட்டார். "பதினாலு அம்சத்துல எது வரைக்கும் போன? அட்டை வச்சிருந்தியே?"

"சட்டைப் பையிலதான் இருந்துச்சு ராய்ஸ். அத எடுக்க என் கை போயிருந்தா, இந்நேரம் நீங்க எல்லாரும் எந்திரிச்சு எனக்கு மௌன அஞ்சலி செலுத்திக்கிட்டு இருப்பீங்க."

மார்லா தன் அட்டையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு மட்டும் வழக்கம்போல ஒழுங்காக எழுதப்பட்டு, ஒருமனதாக நிறைவேறியது:

'திரு. ராய்ஸ் ஹாக்னியின் உரிமைகள் சாலையோரத்தில் ஈவிரக்கமின்றிப் பறிக்கப்பட்டதை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. திரு. அல்வின் பெட்டவே: தாமத வருகை. எச்சரிக்கப்பட்டார்.'