வத்தல்மலைக்குச் சாலை கேட்ட வக்கீல்

தருமபுரி மாவட்டம் சட்டமன்றத்துக்கு அளித்த அறிவுச் செல்வங்களில் தலையாயவர் யார் என்று கேட்டால், அடக்கம் காரணமாக என் பெயரை இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதல் பெயர் இன்னும் அகப்படவில்லை.

அப்துல் ரஷீத், பி.ஏ., பி.எல். ஆகிய நான் பதினாறு ஆண்டுகள் வக்கீல். வாய்தா வாங்குவதில் எனக்கு நிகர் கிடையாது. வத்தல்மலை மல்லையன் தன் சாமைக் காட்டுக்காகத் தொடுத்த வழக்கை ஒன்பது ஆண்டுகள் 'உயிரோடு' காத்தேன். இத்தகைய பொறுமைசாலி இருக்கவேண்டிய இடம் சட்டமன்றமே என்று கட்சி கண்டுகொண்டது. எண்பதாம் ஆண்டுத் தேர்தலில் மலைக்குச் சாலை போட்டுத் தருவதாகச் சொன்னேன். வென்றேன்.

சபையில் சாலையைப் பற்றிக் கேட்டேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். மேசையைத் தட்டி வரவேற்றேன். நான்கு ஆண்டுகளில் பதினொரு முறை கேட்டு, பதினொரு முறை தட்டினேன்.

அடுத்த தேர்தல் நெருங்கியதால் 'கள ஆய்வு'க்குப் புறப்பட்டேன். அடிவாரத்தில் ஜீப் நின்றது. அரை மைல் நடந்ததும் என் முழங்கால் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியது. அழைத்துப்போக வந்திருந்த மல்லையனும் மூன்று பேரும் மூங்கிலில் கம்பளியைக் கட்டி வைத்திருந்த டோலியில் என்னை உட்காரவைத்துத் தூக்கினார்கள். இந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்டினேன்.

"எப்பவும் கட்டியே வெச்சிருப்பமுங்க வக்கீலய்யா" என்றார் மல்லையன், மூச்சு வாங்கியபடி.

மலையுச்சியில் இறங்கி, சாலை பரிசீலனையில் இருக்கும் நற்செய்தியை அரை மணி நேரம் அறிவித்தேன். பிறகு, முன்னால் உட்கார்ந்திருந்த குள்ளம்மாளிடம் ஏதாவது குறை உண்டா என்று விசாரித்தேன். அந்த அம்மாள் டோலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆவணியில எம்மவளுக்கு இடுப்பு வலி கண்டப்ப இதுலதாங்க ஆசுபத்திரிக்கு எறக்குனாங்க. பாதி வழியிலயே புள்ளையோட போயிட்டா. நோவுன்னு கீழ போறதுக்குத்தாங்க இது. இதுல ஏறி மேல வந்தது நீங்க ஒருத்தர்தானுங்க."

குரலில் கோபம் இல்லை. குறுக்கு விசாரணைக்கு இடமே தராத சாட்சியை அன்றுதான் பார்த்தேன்.

இறங்கும்போது நடந்தேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்தே சறுக்கினேன். அந்த நால்வரும், ஐயா விழுந்துவிடக்கூடாதே என்று, வெறும் டோலியைத் தூக்கிக்கொண்டு அடிவாரம்வரை என் பின்னாலேயே வந்தார்கள்.

நான்கு ஆண்டுகளில் எந்த எதிர்க்கட்சியும் என்னை இவ்வளவு கடுமையாகக் கண்டித்ததில்லை.