இடது முழங்கையின் துயரம்

காலை ஏழு மணிக்கே டயர்க் கடையின் மாடிப்படியில் வரிசை நின்றுவிடும். மூன்றாவது மாடியில் மௌன மாஸ்டர். பெயர்தான் மௌனம், வாயைத் திறந்தால் இரண்டு மணி நேரம் மூடமாட்டார். அவருடைய தியானத்தில் மூச்சைக் கவனித்தால் போதுமாம்: கோணல் மூக்கு நேராகும், வழுக்கையில் முடி முளைக்கும், தொங்கிய கன்னம் மேலே ஏறும். டாக்டர்கள் மைண்ட்ஃபுல்னெஸ் என்று சொல்லித்தரும் மூச்சுக் கவனிப்பெல்லாம் வெறும் உமியாம். அரிசி இவரிடம் இருக்கிறதாம்.

வரிசையில் என் தம்பியும் நின்றான். கட்டட வரைபடம் போடுகிறவன். கோடு மயிரிழை சாய்ந்தாலும் கண்டுபிடிக்கும் கண். அந்தக் கண் ஒருநாள் சொந்த மூக்கில் விழுந்தது; அப்புறம் எடுக்கவே முடியவில்லை. கரண்டியில் பார்ப்பான், லிப்ட் கதவில் பார்ப்பான், அணைந்த போனில் பார்ப்பான். மூக்கு நேராகத்தான் இருந்தது. இல்லாத குறையைப் பெரிதாகக் காட்டும் மனநோய் இது என்றார் டாக்டர். மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையுமாகக் கொஞ்சம் தேறியிருந்தான்.

அப்போதுதான் மாஸ்டர் வாய்த்தார். இவன் ஒரு வார்த்தை சொல்வதற்குள், கண்ணை மூடியபடியே, "உன் துன்பம் மூக்குல இருக்கு தம்பி. கோணல்தான்" என்றாராம். மாத்திரை கவனத்தைக் கலைக்கும், நிறுத்து என்றாராம். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மூன்று வாரமாக மாத்திரை அட்டை பிரிபடாமல் கிடந்ததைப் பார்த்ததும் அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவன் வேலைக்குப் போவதில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. உயிரோடு இருப்பதே வீண் என்று பேச ஆரம்பித்திருந்தான்.

"அவருக்கே தெரியுதுக்கா. நீயும் டாக்டரும்தான் ஒண்ணுமில்லன்னு ஏமாத்துறீங்க."

"சரிடா, என்னையும் கூட்டிட்டுப் போ" என்றேன். ஒரு சீட்டில் இரண்டு வார்த்தை எழுதி, மடித்து, அவன் சட்டைப்பையில் வைத்தேன். "அவர் என்னைப் பத்திச் சொன்னதும் இதைப் பிரி. அதுவரை தொடாதே."

காத்திருக்கும் கூடத்தில் நான்கு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. உடம்பை மறக்கச் சொல்லும் இடத்தில் இத்தனை கண்ணாடி எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் மும்முரமாக இருந்தார்கள். ஒருவர் முன்வழுக்கையைத் தடவினார். ஒரு பெண் தாடையைக் கிள்ளினாள். என் தம்பி மூக்கை விடவில்லை. நானும் சும்மா இருப்பேனா? என் இடது முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். பிறந்தது முதல் அந்த முழங்கையைப் பற்றி நான் நினைத்ததே கிடையாது.

எல்லோரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார்கள். மாஸ்டர் காதில் ஒரு சின்னக் கருவி, காது மந்தமாம். கண்ணை மூடினார். "அம்மா... பல வருஷ வேதனை... முழங்கை. இடது முழங்கை."

கூட்டம் கைதட்டியது. தம்பி சீட்டைப் பிரித்து உரக்கப் படித்தான்: "இடது முழங்கை."

"பாத்தீங்களா, கரெக்டா சொல்லிட்டாரு!" என்றார் முன்வழுக்கை.

"அண்ணே, முழங்கைக்கு ஒரு குறையும் இல்ல. நடிக்கணும்னு வீட்டுலயே எழுதிட்டு வந்தேன். மாஸ்டர், இந்தக் கண்ணாடியையெல்லாம் போர்வை போட்டு மூடிடலாம். அப்புறம் புதுசா படியேறி வர்ற யாருக்காவது சொல்லுங்க, பாப்போம்."

"இன்னைக்கு அலை கலங்கிடுச்சு" என்றார் மாஸ்டர்.

தம்பி எழுந்தான். கூடத்துக்குப் போய் ஒவ்வொரு கண்ணாடியாகத் தள்ளினான். மூன்றாவது, கதவு போலத் திறந்தது. உள்ளே நாற்காலியில் ஒரு ஆசாமி; அந்தப் பக்கமிருந்து பார்த்தால் கண்ணாடி வழியாகக் கூடம் முழுக்கத் தெரிந்தது. மடியில் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், கையில் மைக். "அடுத்து தாடை, நீலச் சேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் வேறு வைத்தார்.

தாடைக்காரப் பெண் செருப்பைக் கழற்றினாள். மாஸ்டர் அன்றுதான் உண்மையிலேயே மௌனமானார்.

படியிறங்கும்போது தம்பி, "அப்போ அவங்க என் மூக்கைப் பாக்கவே இல்லக்கா. நான் தொட்டதைத்தான் பாத்திருக்காங்க" என்றான். "இவ்வளவு நாளா நானும் அதேதான் பண்ணினேனோ?"

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவரும் மூச்சைக் கவனிக்கச் சொல்லித்தந்தார், மாத்திரையோடு சேர்த்து. மூக்கை மாற்றித்தருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. ஒரே நாளில் தீரவில்லை. மெல்ல மெல்லத் தேறி, ஒன்பது வருடம் வேலை செய்தான், சிரித்தான், என்னோடு சண்டை போட்டான். போன வருடம் ஒரு விபத்து அவனைக் கொண்டுபோனது. அன்று அந்தக் கண்ணாடி திறக்காமல் இருந்திருந்தால், அந்த ஒன்பது வருடத்தை மாஸ்டர் தின்றிருப்பார்.

இப்போது அவர் வேறு ஊரில் வேறு பெயரில் இருக்கிறாராம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். எந்த உறுப்பையும் தொடாதீர்கள், மூளையைத் தவிர.