ஃபெயில் சாரும் முப்பது மூச்சும்

காட்டூரில் ஃபெயில் சாரிடம் பாஸ் வாங்கிய பொருள் ஒன்றுகூட இல்லை. பாய்லர் தொழிற்சாலையில் குழாய்களில் தண்ணீரை அடைத்து, அழுத்தம் ஏற்றி, ஒரு சொட்டு கசிந்தாலும் திருப்பி அனுப்பியவர். ரிட்டயரான பிறகு தெருவைச் சோதிக்க ஆரம்பித்தார். எங்கள் புதுக் குக்கர் முதல் விசில் அடித்ததுமே, "ஓரத்துல கசியுது. ஃபெயில்" என்றார். என் மனைவி இரண்டு மாதம் அவரிடம் பேசவில்லை.

போன வருஷம் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய், இப்போதுதான் ஆரம்பம் என்றார்கள். மூச்சுத் தசைகளுக்கு வீட்டிலிருந்தே பயிற்சி. சென்னையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் வீடியோ காலில் சொல்லித்தருவார். கூரியரில் வந்த சின்ன பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை எதிர்த்துக் காற்றை இழுக்க வேண்டும். முப்பது மூச்சு, அதற்கு மேல் கூடாது.

போனைப் பிடிக்கவும், எண்ணி நோட்டில் எழுதவும் பக்கத்து வீட்டுக்காரனான நான். நேரம் காலை ஆறு மணி, ஃபர்ஸ்ட் ஷிப்ட். எட்டு மணிக்கு முன் நான் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை.

முதல் நாள் குழாயை வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். "டெஸ்ட் சர்டிபிகேட் எங்கம்மா?" என்று போனில் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டார்.

"டெஸ்ட் உங்களுக்குத்தான் சார். உதட்டு ஓரமா காத்து கசியுது பாருங்க."

அவரையே ஒருவர் கசிகிறது என்று சொல்லிவிட்டார். என் பக்கம் திரும்பினார். "ஃபெயில்னு எழுதிக்கங்க."

"இதுல குணமாயிடுமாங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"நோய் போகாதுங்க. மூச்சுத் தசை இன்னும் கொஞ்ச நாள் பலமா இருக்க உதவலாம்" என்றார் அந்த அம்மா.

ஃபெயில் சார் அலட்டிக்கொள்ளவில்லை. "எந்த பாய்லருக்கும் நான் ஆயுசு எழுதிக் கொடுத்ததில்ல சார். அன்னைக்குப் பாஸ், அவ்வளவுதான்."

நாளடைவில் உதட்டுக் கசிவு நின்றது. முப்பதும் வந்தது. தினமும் பாஸ் எழுதினேன்.

போன வாரம் ஒரு நாள் இருபத்திரண்டோடு நின்றுவிட்டார். அந்த அம்மா போதும் என்று சொல்லி போனை வைத்தார். நான் நோட்டில் முப்பது என்று எழுதினேன். பார்த்துவிட்டார்.

"பொய்க் கையெழுத்து என் சர்வீஸ்லயே கிடையாது. அடிங்க அதை."

அடித்துவிட்டு இருபத்திரண்டு என்று எழுதினேன்.

"ஃபெயில். நாளைக்கு ரீ-டெஸ்ட்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "வருவீங்கல்ல?"

அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. ஐந்தே முக்காலுக்கே போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கால் மணி முன்னாடி வந்திருக்கீங்க. ஃபெயில்."

அதைக் கேட்கத்தான் போயிருந்தேன்.